சூழலியல் என்றால் சுற்றுச்சூழலா?

என் தங்கை மகள் எட்டாம் வகுப்பு. எண்ணூரில்தான் வீடு. போன வாரம் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "மாமா, சூழலியலும் சுற்றுச்சூழலும் ஒண்ணுதானே?" என்று கேட்டாள். பெரியவர்களே இரண்டையும் கலந்துதான் எழுதுகிறோம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

சுற்றுச்சூழல் என்பது நம்மைச் சுற்றி இருப்பது: காற்று, தண்ணீர், மண். சூழலியல் ஓர் அறிவுத்துறை. உயிர்கள் ஒன்றையொன்று எப்படி அண்டி வாழ்கின்றன, அந்தக் காற்றோடும் தண்ணீரோடும் அவற்றுக்கு என்ன கொடுக்கல் வாங்கல் என்று ஆராய்வது. எக்காலஜி என்பதற்கு நாம் வைத்திருக்கும் சொல் இது.

எக்காலஜி பழைய சொல் அல்ல. 1866இல் ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் என்ற ஜெர்மானிய உயிரியலாளர் உருவாக்கியது. கிரேக்கத்தில் 'ஒய்கோஸ்' என்றால் வீடு, 'லோகோஸ்' என்றால் சொல், ஆய்வு. எகனாமிக்ஸ் என்ற சொல்லும் இதே 'வீட்டில்' பிறந்ததுதான். ஆனால் ஹெக்கல் விளக்கம் எழுதும்போது, உயிருக்கும் அதைச் சூழ்ந்த புறவுலகுக்கும் உள்ள உறவுகளைப் பற்றிய அறிவியல் என்றார். அதனால் வேரில் இருக்கும் வீடு தமிழில் விடுபட்டதை நான் குறையாக நினைக்கவில்லை. 'சூழ்' என்ற வினை அவர் விளக்கத்துக்கு நேராகவே வந்து நிற்கிறது. சூழ்தலுக்கு ஆராய்தல் என்றும் பொருள் உண்டு. குறளில் சூழ்ச்சி என்றால் நல்ல ஆலோசனை.

தமிழ்ச் சொல்லிலும் அந்த வீடு வேண்டும் என்பவர்களுக்குத் 'திணை' என்ற பழஞ்சொல் இருக்கிறது. நிலம், குடி, ஒழுக்கம் எல்லாம் அதன் பொருள்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு நிலத்துக்கு உரியவற்றைத் தொல்காப்பியம் 'கரு' என்று ஒரே வரிசையில் வைக்கிறது. அதில் மனிதரின் பிழைப்பும் மரமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அது பாட்டின் இலக்கணம். அறிவியலுக்குச் சூழலியலே போதும். ஓரிடத்து உயிர்களையும் அவற்றின் சூழலையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்த்து, 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி எழுதிய ஈக்கோசிஸ்டம் என்பதற்குச் சூழல் மண்டலம் என்கிறோம், ஈழத்தில் சூழற்றொகுதி. எனக்கு ஈழத்துச் சொல்தான் பிடித்திருக்கிறது, 'தொகுதி'யில் பல சேர்ந்து ஒன்றானது தெரிகிறது.

சரி, இதையெல்லாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? கொசஸ்தலை ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனேன். உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தின் இலை ஒன்றைப் பறித்து நாக்கில் வைக்கச் சொன்னேன். "உப்பு!" என்று துப்பினாள். வேர் வழியாக ஏறிய உப்பை இலை வெளியே தள்ளுகிறது. மரத்தடிச் சேற்றில் பென்சில் நட்டதுபோல மூச்சு வேர்கள். உதிர்ந்த இலையை நண்டு இழுத்துப் போகிறது. அது தோண்டும் வளை வழியாகச் சேற்றுக்குள் காற்று போகிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, இந்த வேர்களின் மறைவில் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பெரியவர் சொன்னார்: "மொகத்துவாரம் தூந்துபோச்சுன்னா இறால் எப்படிம்மா உள்ள வரும்? மரம் இருந்து என்ன, ஆறு இருந்து என்ன?"

அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். அப்புறம் 2023 டிசம்பரைப் பற்றிக் கேட்டாள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இந்தக் கழிமுகத்துக்குள் வந்த மாதம் அது. தண்ணீர்மேல் எண்ணெய் படிந்தது சுற்றுச்சூழல் கெட்டது என்றேன். அந்த எண்ணெய் மூச்சு வேரில் அப்பியதும், கூழைக்கடாவின் இறகில் ஒட்டியதும், குப்பத்து வலைகள் வாரக்கணக்கில் கரையிலேயே கிடந்ததும் சேர்ந்தால், அது சூழலியல் பாடம்.