வண்ணம் ஏற்றிய போட்டோவைப் பார்த்துப் பெயின்ட் கலக்காதீர்கள்

இந்த வாரமும் ஒரு வாடிக்கையாளர் கைபேசியை நீட்டினார். "இந்த டைகர் டாங்கியில் இருக்கிற மஞ்சள் அப்படியே வேண்டும்." டைகர் என்பது இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் டாங்கி. அது கறுப்பு வெள்ளையில் எடுத்த படம், பிற்பாடு யாரோ கம்ப்யூட்டரில் வண்ணம் ஏற்றியது. வண்டியோ 1942 கடைசியில் லெனின்கிராட் பக்கம் நின்றது. இப்படிப்பட்ட வண்டிகளின் சிறிய பிளாஸ்டிக் மாடல்களுக்குப் பெயின்ட் அடிப்பதே என் தொழில். இனிமேலும் சும்மா இருக்க முடியவில்லை.

கறுப்பு வெள்ளை பிலிமில் நிறம் இல்லை. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டும்தான் அதில் பதிவாகும். ஆலிவ் பச்சையும் செம்பழுப்பும் ஒரே சாம்பலாக விழலாம். ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிம் சிவப்பை உணராது, செம்பழுப்புப் பட்டை அதில் கிட்டத்தட்ட கறுப்பாகவே தெரியும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிமில் அதே பட்டை வெளிறிவிடும். அந்தச் சாம்பலிலிருந்து நிறத்தை மீட்க வழியே கிடையாது. வண்ணம் ஏற்றியவர் வைத்தது ஊகம். அந்த ஊகத்திலிருந்து நிற எண்ணை உருவி எடுத்துப் பெயின்ட் கலக்குவது ஆராய்ச்சி ஆகாது. அசல் கலர் பிலிம் என்றாலும் சாயம் மங்கியிருக்கும், ஸ்கேன் செய்தவர் கைவைத்திருப்பார்.

முதலில் வருடத்தையும் மாதத்தையும் பாருங்கள். 1940 நடுவிலிருந்து ஜெர்மன் கவச வண்டிகளுக்கு அடர்சாம்பல், ரால் என்ற ஜெர்மன் நிற எண் பட்டியலில் 7021. டுங்கெல்கெல்ப் என்ற அடர்மஞ்சள் அடிநிறமானது 1943 பிப்ரவரியில்தான். அதாவது அவர் கேட்ட வண்டிக்குச் சாம்பல்தான் சரி. மஞ்சளுக்கு மேலே அடிக்கும் பச்சையும் செம்பழுப்பும் பசையாகவே படைப்பிரிவுகளுக்குப் போயின. தண்ணீரிலோ பெட்ரோலிலோ கரைத்து வீரர்களே அடித்தார்கள். கரைத்த பதத்துக்கு ஏற்ப நிறமும் மாறியது. ஒரே பிரிவின் இரண்டு வண்டிகள்கூட ஒத்திருக்க வேண்டியதில்லை. துல்லியம் என்று வாதாடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

டுங்கெல்கெல்பின் 7028 என்ற எண் இன்றைய ரால் அட்டையில் இல்லை, அங்கே தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பாட்டில் மேல் ஒரே பெயர் இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி நிறம் வேறு. பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்த பிளாஸ்டிக் துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள். நன்றாகக் காயட்டும். அப்புறம் வார்னிஷும் போடுங்கள், பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் நிறத்தை வெளிற வைக்கும். சின்ன மாடலில் நிறம் அடர்த்தியாகத் தெரியும் என்பதால், அசலில் 35இல் ஒரு பங்கான 1/35 மாடலுக்கு ஒரு துளி வெள்ளை சேர்ப்பேன், அதைவிடச் சிறிய 1/72க்கு இன்னும் கொஞ்சம். இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

டியூப்லைட் அடியில் மட்டும் பார்த்து நிறத்தை முடிவு செய்யவே செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு முறை, மாடலை வைக்கப்போகும் அலமாரி விளக்கில் ஒரு முறை பாருங்கள். என்னைப் போன்றவர்களிடம் வேலை கொடுக்கும்போது அந்த விளக்கு மஞ்சளா வெள்ளையா என்பதையும் தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.