காற்று போனால் கை பிரேக் போகாது

போன பங்குனியில் ஒரு நாள் மதியம், என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் போன் செய்தான். டெல்டாவில் ஒரு குட்ஸ் ஷெட், அதாவது ரயிலில் சரக்கு ஏற்றி இறக்கும் இடம். நாற்பத்திரண்டு வேகனில் நெல் ஏற்றி, அரவைக்காக வேறு மாவட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வண்டி கிளம்பி இரண்டாவது ரயில்வே கேட்டைத் தாண்டும்போது, நடு வேகன் ஒன்றின் அடியிலிருந்து புகை வருவதைக் கேட்கீப்பர் பார்த்து, சிவப்புக் கொடி காட்டி நிறுத்திவிட்டார். அந்த மனிதருக்கு ஆயிரம் புண்ணியம். போய்ப் பார்த்தால் கை பிரேக் முறுக்கியபடியே இருக்கிறது. நான்கு சக்கரம் உருளாமல் தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டே வந்திருக்கின்றன.

"கை பிரேக்கை எடுத்தீங்களான்னு வண்டியை அனுப்பினவர்கிட்ட கேட்டேன் சார். எடுத்தாச்சு, கைப்பிடியைப் பிடிச்சு இழுத்தேன், புஸ்ஸுன்னு காத்து போச்சு, அப்புறம்தான் வண்டியை விட்டோம்கிறார்."

சி அண்ட் டபிள்யூவில், அதாவது கோச்சுகளையும் வேகன்களையும் பரிசோதிக்கும் பிரிவில், முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். இந்தப் பதிலை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது. ஓய்வு பெற்ற பிறகும் இதே பதில் போனில் வருகிறது என்றால், எழுதி வைப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வேகனின் அடியில் இருப்பது ஒரே ஒரு பிரேக் கட்டமைப்புதான். கம்பிகள், நெம்புகோல்கள், கடைசியில் சக்கரத்தை அழுத்தும் பிரேக் கட்டைகள். ஆனால் அந்த நெம்புகோலை இழுக்க இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் காற்று, இன்னொருவர் கை. இருவரும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுப்பது போல. ஒருவர் விட்டாலும் மற்றவர் பிடித்துக்கொண்டிருந்தால் கயிறு இறுக்கமாகத்தான் இருக்கும். இதை நான் வகுப்பில் சொல்லும்போது எல்லோரும் தலையாட்டுவார்கள். யார்டுக்குப் போனதும் மறந்துவிடுவார்கள்.

காற்றின் வேலை சிலிண்டரில் நடக்கிறது. சரக்கு வேகனின் பிரேக் சிலிண்டர் 355 மி.மீ. விட்டம். அதில் சதுர சென்டிமீட்டருக்கு 3.8 கிலோ அழுத்தம் ஏறினால், பிஸ்டன் மூவாயிரத்து எழுநூறு கிலோ விசையோடு வெளியே தள்ளும். வேகன் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கைப்பிடியை இழுத்தால், சிலிண்டரில் இருக்கும் காற்று வெளியேறும். பிஸ்டன் உள்ளே போகும். அவ்வளவுதான் அந்தக் கைப்பிடியின் வேலை. கை பிரேக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. புஸ் சத்தம் கேட்டது என்றால் காற்று போனது என்று அர்த்தம், பிரேக் போனது என்று அர்த்தம் இல்லை.

கை பிரேக் திருகால் ஆனது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க நான் வைத்திருக்கும் உதாரணம் வாய்க்கால் மதகு. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வந்து சாவியைப் போட்டுத் திருப்புகிறார், ஷட்டர் மேலே ஏறுகிறது. கையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஷட்டர் தன் கனத்தில் கீழே இறங்கிவிடுகிறதா? இல்லை. திருகின் மரை அவ்வளவு சாய்வு குறைவாக வெட்டப்பட்டிருப்பதால், எவ்வளவு கனம் இழுத்தாலும் அது தானாகச் சுழலாது. கை பிரேக்கும் அப்படியே. கையால் திருப்பும் கைச் சக்கரத்தை முறுக்கினால் திருகு சுழன்று, கம்பியை இழுத்து, கட்டையை வண்டிச் சக்கரத்தில் அழுத்தி அப்படியே நிற்கும். ஒரு நாள் ஆனாலும் ஒரு மாதம் ஆனாலும் நிற்கும். யாராவது வந்து எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் விடும். காற்றை எவ்வளவு வெளியேற்றினாலும் அதற்குத் தெரியாது.

இப்போது அடுத்த தப்பு. எதிர்ப்பக்கம் திருப்புகிறவர்களும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று சுற்று கடினமாக இருக்கும், அப்புறம் கைச் சக்கரம் லேசாகச் சுற்றும். லேசானதும் "விட்டாச்சு" என்று நகர்ந்துவிடுகிறார்கள். மதகை நான்கு விரல் தூக்கிவிட்டுத் தண்ணீர் பாய்கிறது என்று போனால் கடைமடை நனையுமா? கை பிரேக்கை முடிவு வரைக்கும் திருப்ப வேண்டும். கைச் சக்கரத்தின் மேல் அம்புக்குறி இருக்கிறது. பெயின்ட் அழிந்திருந்தால் இன்னொரு வேகனைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், கைச் சக்கரத்தை வைத்து முடிவு செய்யவே வேண்டாம். குனிந்து பிரேக் கட்டையைப் பாருங்கள். கட்டைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். கையில் இருக்கும் கம்பியால் கட்டையைத் தட்டினால் ஆட வேண்டும். ஆடாவிட்டால் பிரேக் இன்னும் பிடித்திருக்கிறது, கைச் சக்கரம் என்ன சொன்னாலும் சரி. இரவு என்றால் டார்ச். இதற்கு ஒரு வேகனுக்குப் பத்து வினாடி ஆகுமா? நாற்பத்திரண்டு வேகனுக்கு ஏழு நிமிடம். அந்த ஏழு நிமிடத்தைத் தர மாட்டேன் என்கிறார்கள்.

பிடித்தபடி ஓடினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு. உருளாமல் வழுக்கும் சக்கரம் ஒரே இடத்தில் தேய்ந்து தட்டையாகும். சரக்கு வேகனில் அந்தத் தட்டை 60 மி.மீ. தாண்டினால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். சக்கரத்தின் சுற்றளவு மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போனால், அந்தத் தட்டை வினாடிக்கு ஐந்து முறை தண்டவாளத்தைச் சம்மட்டியால் அடிப்பது போல அடிக்கும். பேரிங்கும் அதே அடியைத்தான் வாங்கும். தண்டவாளத்தில் ஏற்கெனவே மயிரிழை விரிசல் இருந்தால் சொல்லவே வேண்டாம். பின்னால் வருவது பயணிகள் வண்டி.

கைச் சக்கரம் இறுகிப் போய்விட்டது, திரும்பவே மாட்டேன் என்கிறது என்ற புகாரும் நியாயமானதுதான். கிரீஸ் பார்த்து வருடக்கணக்கான திருகுகளை நானே பார்த்திருக்கிறேன். குட்ஸ் ஷெட்டில் லாரி பின்னால் வரும்போது இடித்துக் கைச் சக்கரம் வளைந்திருக்கும். அப்போது கடப்பாரையைச் செருகி நெம்பாதீர்கள். ஆரக்கால் உடையும், உடைந்த கம்பி நெஞ்சில் அடிக்கும். எங்கள் ஆட்களைக் கூப்பிடுங்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அமெரிக்க வேகன்களில் இருக்கும் கை பிரேக் வேறு வகை. பல் சக்கரமும், அதைத் திரும்பிவிடாமல் பிடிக்கும் பூட்டு நாக்கும், சங்கிலி சுற்றும் உருளையும் உள்ளே இருக்கும். முறுக்க முறுக்க நாக்கு ஒவ்வொரு பல்லாக விழுந்து பிடிக்கும். பழைய வகைகளில் நாக்கைத் தட்டிவிட்டால், சங்கிலியில் தேங்கியிருந்த இழுவிசை முழுக்க ஒரே நொடியில் வெளியே வந்து கைச் சக்கரத்தைப் பம்பரமாகச் சுற்றும். கை வைத்திருந்தால் மணிக்கட்டு போகும். அதனால் அங்கே வடிவமைப்பாளர்கள், விடுவிக்கும் நெம்புகோலை இழுத்ததும் கைச் சக்கரம் பல் சக்கரத்திலிருந்து பிரிந்து நிற்கும்படி செய்தார்கள். உருளை மட்டும் சுற்றும், சக்கரம் அசையாது. அருமையான யோசனை. நம் திருகு வகையில் விடுவிக்க நேரம் ஆகும், ஆனால் இப்படித் திடீரென்று உதறாது. அந்த நிதானத்தை ஒரு குறையாக நினைத்துப் பாதியில் விட்டுவிட்டுப் போவதுதான் எனக்கு ஆற்றாமை.

சரி, இதுவரை சொன்னது விட மறந்த கை பிரேக். இறுக்க மறந்த கை பிரேக் இதைவிட மோசம்.

என்ஜினைக் கழற்றிக்கொண்டு போன பிறகு ரேக், அதாவது கோத்து நிற்கும் வேகன் வரிசை, காற்று பிரேக்கில்தான் நிற்கிறது. காற்று கசியும். எந்த வேகனிலும் கசியும், எவ்வளவு நல்ல பராமரிப்பு என்றாலும் கசியும். சில மணி நேரத்தில் சிலிண்டர் காலி, பிஸ்டன் உள்ளே, கட்டை தளர்ந்துவிடும். அப்போது வண்டியைப் பிடித்திருக்க யார் இருக்கிறார்கள்?

2013 ஜூலை 6 அன்று கனடாவில் லாக்-மெகான்டிக் என்ற ஊரில் நடந்தது இதுதான். கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர்களை ஒரு சரிவில் நிறுத்தியிருந்தார்கள். ஏழு கை பிரேக் மட்டும் முறுக்கியிருந்தார்கள். என்ஜினின் காற்று பிரேக் பிடித்திருக்கும்போதே தள்ளிப் பார்த்து, வண்டி நகரவில்லை, போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள். என்ஜினில் தீப்பிடித்து, தீயணைப்பு வீரர்கள் தீயை அணைத்து, காற்றை நிரப்பிக்கொண்டிருந்த என்ஜினையும் நிறுத்தினார்கள். காற்று கசிந்தது. வண்டி உருண்டு ஊருக்குள் போய்க் கவிழ்ந்தது. 47 பேர் இறந்தார்கள். அந்தச் சோதனையில் இருந்த தப்பைக் கவனியுங்கள். கை பிரேக் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டுமானால், காற்றை விட்டுவிட்டுத்தான் பார்க்க வேண்டும். காற்று பிடித்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால் அது காற்றுக்கு வைத்த பரீட்சை.

நம் நாட்டிலேயே, 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவாவிலிருந்து ஜல்லி ஏற்றிய 53 வேகன் சரக்கு ரயில் ஓட்டுநர் இல்லாமல் உருண்டு, எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பஞ்சாபில் போய் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"அதெல்லாம் மலை நாடு சார். நம்ம ஊர் தாம்பாளம் மாதிரி தட்டை. இங்க எங்க உருளப் போகுது?" இதுதான் எனக்கு மிகவும் கோபம் வரும் வாக்கியம். நீடாமங்கலத்தில் கேட்டிருக்கிறேன், திருவாரூரில் கேட்டிருக்கிறேன், மயிலாடுதுறையில் கேட்டிருக்கிறேன்.

கணக்குப் போடுவோம். ஸ்டேஷன் யார்டில் 400-க்கு 1 வரை சரிவு இருக்கலாம். அறுநூறு மீட்டர் நீள ரேக்கில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஒன்றரை மீட்டர் வித்தியாசம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் முழு பாரத்தில் 81 டன் நிற்கும் ஒரு வேகனை அந்தச் சரிவு இருநூறு கிலோ விசையோடு இழுத்துக்கொண்டே இருக்கும். நாற்பது கிலோ சிப்பம் ஐந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது மாதிரி, இரவும் பகலும். பழைய காலத்து வெண்கல பேரிங் வண்டி என்றால் அதைத் தாங்கி நின்றிருக்கும். இப்போது எல்லாம் ரோலர் பேரிங். உருளத் தொடங்கியபின் டன்னுக்கு இரண்டு கிலோ விசை போதும் அதை ஓட்டிக்கொண்டே போக. சரிவு தருவது டன்னுக்கு இரண்டரைக் கிலோ. தொடங்கி வைக்க வெளியே பலமாக வீசும் ஒரு காற்று போதும், அல்லது பக்கத்து வேகனின் ஒரு இடி.

திருவாரூர் ஆழித்தேரை வடம் பிடிக்கப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். நான்கு வீதியும் தட்டைதான். தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் வைத்தாயிற்று. ஆனாலும் முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தை விட்டு ஓர் அடி நகர்வதில்லை. அந்தக் கட்டையை நம்பித்தான் லட்சம் பேர் வீதியில் நிற்கிறார்கள். நமக்கும் அதே கட்டை இருக்கிறது, ஷெட் மூலையில் கிடக்கிறது.

வெளியே வீசும் காற்று எதைச் செய்யும் என்பதை 2023 ஜூன் 7 அன்று ஒடிசாவின் ஜாஜ்பூர் கியோஞ்சர் ரோடு ஸ்டேஷனில் பார்த்தோம். புயல் மழைக்கு ஒதுங்க, என்ஜின் இல்லாமல் நின்றிருந்த வேகன்களின் அடியில் போய் உட்கார்ந்தார்கள் கூலித் தொழிலாளர்கள். வேகன்கள் நகர்ந்தன. ஆறு பேர் செத்துப்போனார்கள். கஜா புயல் அடித்த மண்ணில் இருந்துகொண்டு, இங்கே காற்றுக்கு வேகன் நகராது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

எனவே ரேக்கை நிறுத்துகிறவர்களுக்கு: இரு முனையிலும் கை பிரேக்கைப் பலமாக முறுக்குங்கள். சக்கரத்துக்கு அடியில் மரக் கட்டை வையுங்கள், சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். ஒன்று இருக்கிறதே என்று இன்னொன்றை விடாதீர்கள். எந்தெந்த வேகனில் முறுக்கினீர்கள் என்று எண்களை எழுதி வையுங்கள். எடுக்க வருகிறவர் வேறு ஷிப்ட், அவருக்கு உங்கள் மனதில் இருப்பது தெரியாது. புகை வந்த அந்த நடு வேகனை முறுக்கியது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, எழுதி வைக்காததால்தான். எடுக்கிறவர்களுக்கு: பிரேக் கட்டையைப் பாருங்கள், சத்தத்தைக் கேட்காதீர்கள். லாரி ஓட்டுநர்களுக்கு: கைச் சக்கரத்தை இடித்துவிட்டால் சொல்லிவிட்டுப் போங்கள். திட்ட மாட்டோம். சொல்லாமல் போனால்தான் ஆபத்து.

சுமை தூக்கும் அண்ணன் தம்பிகளிடம் கெஞ்சித்தான் கேட்கிறேன். சித்திரை வெயிலில் ஒரு வேகன் முடித்துவிட்டு வரும்போது, உடம்பு நிழலைத் தேடும் என்று எனக்குத் தெரியும். வேகனுக்கு அடியில் துண்டை விரித்துத் தூங்குபவர்களை எத்தனையோ முறை எழுப்பிவிட்டிருக்கிறேன். "என்ஜினே இல்லையே அண்ணே" என்பார்கள். என்ஜின் இல்லாத வண்டிதான் சத்தம் போடாமல் நகரும். கை பிரேக் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுவது, அதில் துண்டும் தண்ணீர் பாட்டிலும் மாட்டுவது, பொழுதுபோகாமல் திருப்பிப் பார்ப்பது, எதுவும் வேண்டாம்.

ஷெட்டில் நிழல் இல்லை என்றால் மேஸ்திரியிடம் கேளுங்கள், தண்டவாளத்தை விட்டு இருபது அடி தள்ளி நான்கு மூங்கில் நட்டு மேலே ஒரு தார்ப்பாய் போட்டுத் தரச் சொல்லி. நெல் நனையாமல் இருக்க நூறு தார்ப்பாய் கொண்டுவருகிறவர்கள், நீங்கள் படுக்க ஒன்று தரத்தான் வேண்டும்.