மினுக்கு லோஷன் கறுத்த தோலில்தான் கூட எடுபடும்

கொழும்பின் காலி வீதியில் ஒரு அழகுசாதனக் கடையில் தங்க மினுக்குப் போட்ட பாடி லோஷன் ஒன்றை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விற்பனைக்கு நின்ற பிள்ளை சொன்னது: “அக்கா, அது வெள்ளையான ஆக்களுக்குத்தான் வடிவு, உங்கட கலருக்கு எடுபடாது.” அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, விளம்பரம் முழுக்க அப்படித்தானே பழக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் போத்தலுக்குள் இருக்கும் சாமானின் இயற்பியல் நேர்மாறானது. தங்கமோ நீலமோ ரோசாவோ, மினுக்கின் நிறம் நன்றாகத் தெரிவது கறுத்த தோலில்தான். வெளிறிய தோலில் அந்த நிறத்தில் பாதி கண்ணுக்கு வருமுன்பே வெளுத்துவிடும்.

மினுக்கத்துக்கு அடிப்படை மைக்கா. காக்காப்பொன் என்று பெரியவர்கள் சொல்வார்களே, நகத்தால் உரித்தால் தாள் தாளாகக் கழன்று வருகிற கனிமம், அதுதான். அதை அரைத்துச் செதில்களாக்குகிறார்கள். மினுக்குச் சாமான்களில் ஒரு செதிலின் அகலம் பெரும்பாலும் 10 முதல் 60 மைக்ரோமீற்றர் வரை வரும், தடிப்போ அரை மைக்ரோமீற்றர்கூட இருக்காது. சரி, அப்படியே லோஷனில் கலந்துவிடலாமா என்றால், கலந்தாலும் ஒன்றும் தெரியாது. ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது, இரண்டின் முறிவுச் சுட்டியும் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் எண்) எவ்வளவுக்கு வேறுபடுகிறதோ அவ்வளவுக்குத்தான் திரும்பித் தெறிக்கும். மைக்காவின் சுட்டி ஏறக்குறைய 1.58, எண்ணெய்க்கு 1.47. கணக்குப் போட்டால் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிதான் திரும்புகிறது, அதாவது செதில் எண்ணெய்க்குள் ஒளிந்துகொள்கிறது.

அதனால் செதிலின் மேல் டைட்டேனியம் டயொக்சைட்டை மெல்லிய படலமாக ஏற்றுகிறார்கள். அதன் சுட்டி 2.5, எண்ணெயோடு ஒட்டவே ஒட்டாத எண். இப்போது படலத்தின் மேற்பரப்பில் ஆறேழு சதவீத ஒளி தெறிக்கிறது, அடிப்பரப்பில் இன்னொரு ஐந்து சதவீதம் தெறிக்கிறது, இரண்டு அலைகளும் திரும்பி வரும் வழியில் ஒன்றோடொன்று சேர்கின்றன. ஏற்றமும் ஏற்றமும் சந்தித்தால் ஒளி பலக்கும் (தெறிப்பு 20 சதவீதத்தையும் தாண்டும்), ஏற்றமும் இறக்கமும் சந்தித்தால் அந்த நிறம் காணாமல் போகும். மழை விட்ட பிறகு வீதியில் தேங்கிய தண்ணீரில் வாகன எண்ணெய் படர்ந்து நிறம் நிறமாகத் தெரிவதும் இதே சங்கதிதான். எந்த நிறம் பலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது படலத்தின் தடிப்பு மட்டுமே. 50 நானோமீற்றர் அளவில் எல்லா நிறமும் கிட்டத்தட்ட ஒரேயளவு பலப்பட்டு வெள்ளியாகத் தெரியும். 80க்கு வந்தால் நீலப் பக்கம் அடிபட்டுப்போய் மிச்சம் மஞ்சள், அதாவது தங்கம். 120க்குப் போனால் செம்மஞ்சள் அடிபட்டு நீலம். ஒரு தலைமுடியே 70,000 நானோமீற்றர் தடிப்பு இருக்கும், அப்படிப் பார்த்தால் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் இடையில் இருக்கும் வித்தியாசம் எவ்வளவு சின்னது என்று யோசித்துப் பாருங்கள். இதில் சாயம் ஒரு துளியும் கிடையாது.

இனித்தான் விஷயம். தங்கச் செதிலில் தெறிக்காத அந்த நீலம் எங்கே போனது? அழிந்துவிட்டது என்று சொன்னாலும் ஒளி அப்படிச் சும்மா அழியாது. மைக்காவும் டைட்டேனியம் டயொக்சைட்டும் ஒளியை ஏறக்குறைய விழுங்குவதே இல்லை, ஆகவே தெறிக்காதது எல்லாம் செதிலை ஊடுருவிக் கீழே தோலுக்குப் போகிறது. தோல் வெளிறியதாக இருந்தால் அந்த நீலத்தில் நல்ல பங்கைச் சிதறடித்துத் திரும்ப மேலே அனுப்பிவிடும். மேலே தங்கம், கீழிருந்து நீலம், இரண்டும் சேர்ந்தால் வெள்ளை, தங்கம் பிசுபிசுத்துப் போகும். கறுத்த தோலில் மெலனின் என்ற நிறமி கூடுதலாக இருக்கிறது, அது நீலத்தை விழுங்குவதில் கெட்டிக்காரன். கீழே போன நீலம் திரும்பி வராது, தங்கம் தனியாக நிற்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கறுப்பு மட்டையிலும் ஒரு வெள்ளைக் கடதாசியிலும் ஒரே லோஷனை ஒரு பொட்டளவு வைத்து விரலால் இழுத்துவிடுங்கள், காய்ந்ததும் போன் டோர்ச்சை அடித்துச் சாய்த்துப் பாருங்கள். கறுப்பு மட்டையில் தங்கக் கோடு கிழித்த மாதிரிப் பளீரென்று தெரியும். வெள்ளைக் கடதாசியில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் இலேசான மஞ்சள், கொஞ்சம் திருப்பினால் அதே இடம் மெல்லிய நீலமாகக்கூட மாறும், அந்த நீலம்தான் செதிலைத் தாண்டிக் கீழே போய்த் திரும்பி வந்தது. வாங்குவதற்கு முன்பு கடையிலேயே செய்து பார்க்கலாம், டெஸ்டர் இருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

அப்படியென்றால் சில மினுக்குகள் நம் கையில் சாம்பல் பூத்த மாதிரித் தெரிவது ஏன்? அதற்குக் காரணம் பெரும்பாலும் செதிலின் அளவு. மிகப் பொடியாக அரைத்த செதிலில் விளிம்புகள் அதிகம், விளிம்பில் பட்ட ஒளி கண்ணாடியில் பட்டதுபோல் ஒரு பக்கமாகத் தெறிக்காமல் எல்லாப் பக்கமும் சிதறும், அது வெறும் வெள்ளைப் பூச்சு. வெள்ளி நிறச் சாமான்களில் இது மிகவும் எடுப்பாகத் தெரியும், ஏனென்றால் வெள்ளி எல்லா நிறத்தையும் சேர்த்தே அனுப்புகிறது. வெண்கலம், செம்பு நிறங்களில் இரும்பு ஒக்சைட்டைப் படலமாக ஏற்றுகிறார்கள், அதற்குச் சொந்தமாகவே நிறம் உண்டு, நீலத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். போத்தலின் பின்னால் சீ.ஐ. (நிறப்பொருள்களுக்குக் கொடுக்கும் எண்) 77019 என்றால் மைக்கா, 77891 டைட்டேனியம் டயொக்சைட், 77491 சிவப்பு இரும்பு ஒக்சைட். நம் நிறத்துக்கு மூன்றாவது எண் இருக்கிற போத்தலை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

மினுக்கைவிட்டால் மிச்சமிருப்பது சாதாரண ஈரப்பூச்சுத்தான், ஆனால் அழகில் பாதி வேலை அதனுடையது. காய்ந்த தோலில் மேல்படைச் செல்கள் ஓரம் கிளம்பி நிற்கும், இடையில் காற்று புகுந்து ஒளியைச் சிதறடிக்கும், முழங்காலும் முழங்கையும் வெள்ளை பூத்துத் தெரிவது அதனால்தான். எண்ணெய் அந்த இடுக்குகளை நிரப்பினால் சிதறல் குறைந்து தோலின் உண்மையான நிறம் ஆழமாகத் தெரிகிறது, ஆழமான நிறத்தின் மேல் தங்கம் இன்னும் எடுபடுகிறது. கிளிசரின் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. கொழும்பின் ஈரக்காற்றில் அது பிசுபிசுக்கும், நாள் முழுக்க ஏசி அறையில் இருப்பவர்களுக்கோ அதே கிளிசரின் கட்டாயம் வேண்டும்.

பூசுகிற விதத்திலும் இயற்பியல் இருக்கிறது. செதில்கள் கூரை ஓடு மாதிரித் தோலோடு படுத்துக் கிடந்தால்தான் எல்லாம் ஒரே பக்கம் ஒளியை அனுப்பும். லோஷன் ஈரமாக இருக்கும்போதே ஒரே திசையில் நீளமாக இழுத்துவிட வேண்டும், தண்ணீர் ஆவியாகிப் படலம் சுருங்கும்போது செதில்கள் இன்னும் நன்றாகப் படிந்துகொள்ளும். அரைகுறையாகக் காய்ந்த பிறகு வட்டம் வட்டமாகத் தேய்த்தால் செதில் தாறுமாறாக நிமிர்ந்து நிற்கும், மினுக்கம் போய் மா பூசிய மாதிரி ஆகிவிடும். அப்புறம் வியர்வை. மரைன் டிரைவில் நடந்து போகையில் வியர்வை கீழிருந்து கிளம்பிச் செதில்களை மிதக்கவிட்டு, கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் கொண்டுபோய்க் குவிக்கும். அந்த இடங்களுக்குப் பூசாமல் விடுவதுதான் மருந்து. தோள்பட்டை, காறை எலும்பு, கால் முன்பக்கம் போதும்.

டைட்டேனியம் டயொக்சைட் சன்ஸ்கிறீனிலும் வருகிறது, அதனால் இதுவும் வெயிலுக்கு உதவும் என்று நினைக்க வேண்டாம். சன்ஸ்கிறீனில் அது வேறு அளவில், தோலை மூடும் அளவுக்குக் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. மினுக்கு லோஷனில் அது ஆங்காங்கே கிடக்கும் செதிலின் மேல் ஒரு மேல்பூச்சு, அவ்வளவுதான். முதலில் சன்ஸ்கிறீன், அது காய்ந்த பிறகு இது.

மைக்காவுக்கு முன்பு இந்த வேலையைச் செய்தது மீன். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மீன் செதிலிலிருந்து எடுத்த குவானின் என்ற பளபளக்கும் படிகத்தைப் போலி முத்துகளுக்குப் பூசினார்கள். சந்தையில் சாவாளையைத் தொட்டால் விரலில் ஒட்டுகிற வெள்ளியும் அதே குவானின் படிகம்தான். இன்றைய மூலப்பொருளில் ஒன்று நம் நாட்டிலேயே கிடக்கிறது: புல்மோட்டைக் கடற்கரையின் கறுத்த மணலில் உள்ள இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டேனியத் தாதுக்கள். மைக்காவின் கதை அவ்வளவு சுகமானது இல்லை, இந்தியாவில் ஜார்க்கண்ட், பீகார் பக்கம் சிறுபிள்ளைகள் அதைப் பொறுக்குவது நெடுநாள் பிரச்சினை. அது உறுத்தினால் சிந்தெடிக் ஃபுளோர்ஃபுளோகோப்பைட் என்று எழுதியிருப்பதைத் தேடலாம், ஆய்வுகூடத்தில் செய்த மைக்கா, இன்னும் துப்புரவாக மின்னும். பிளாஸ்டிக் கிளிட்டரை மட்டும் விட்டுவிடுங்கள், கைவேலைக்கு உதிரியாக விற்கும் பிளாஸ்டிக் கிளிட்டருக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஒக்டோபரிலேயே தடை போட்டுவிட்டது.

கடைசியாக ஒன்று, எங்கே போகிறீர்கள் என்று பாருங்கள். செதிலுக்கு ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும்: ஸ்பொட் லைட், மாலை வெயில், வீடியோக்காரரின் லைட். ட்யூப் லைட் வரிசையாகப் போட்ட மண்டபத்தில் ஒளி எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும், எந்தச் செதிலும் தனியாக மின்னாது. அந்த மாதிரிக் கலியாண வீட்டுக்கு வெறும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு போனாலும் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது.