பழைய எஸ்யூவியை உயர்த்தும் முன் பார்க்க வேண்டிய இரண்டு எல்லைகள்

"ரெண்டு இன்ச் தூக்கினா இந்த டயர் உள்ள போயிடுமா?" பெரிய டயர் மாட்ட நினைத்து, பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி இது. வண்டி சமதளத்தில் நிற்கும்போது மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கை விட்டுப் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். அந்த இடைவெளியை வைத்து முடிவெடுக்க முடியாது. ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது டயர் எங்கே போகிறது, சக்கரம் தரையை விட்டுத் தொங்கும்போது எது இழுபடுகிறது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். உயர்த்திய வண்டிகளில் நான் சரிசெய்யும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு எல்லைகளில்தான் தொடங்குகின்றன.

அதற்கும் முன்னால், வண்டி இப்போது தன் பழைய உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் குழப்பிவிடும். பல வருடம் ஓடிய ஸ்பிரிங் தளர்ந்து இறங்கியிருக்கும். கம்பெனி அளவிலேயே புது ஸ்பிரிங் போட்டால், கேட்ட உயரத்தில் ஒரு பகுதி அங்கேயே கிடைத்துவிடும். சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் இணைப்புகளான புஷ், பால் ஜாயின்ட், டை ராட் முனை எதிலாவது ஆட்டம் இருந்தால் அதை மாற்றாமல் நான் உயர்த்தும் வேலையைத் தொடுவதில்லை. உயர்த்திய பின் அவற்றின் கோணம் மாறி, தேய்மானம் இன்னும் வேகமாகும்.

டயரின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 245/70 ஆர்16 டயரின் விட்டம் சுமார் 749 மி.மீ. 265/75 ஆர்16 என்றால் சுமார் 804 மி.மீ. வித்தியாசம் 55 மி.மீ.; அதில் பாதிதான், அதாவது 27 மி.மீ. அளவுக்குத்தான், ஆக்ஸில் உயரும். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் ரிஜிட் ஆக்ஸிலின் (இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கட்டமைப்பு) நடுவே உள்ள கியர் பகுதியான டிஃபரன்ஷியல் தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே. சஸ்பென்ஷனை உயர்த்துவது டயருக்கு இடம் கொடுப்பதற்காக. அந்த இடம் கிடைத்ததும் நிறுத்திக்கொள்ளலாம். இந்த அளவு டயருக்கு 40 முதல் 50 மி.மீ. போதும் என்பது என் கருத்து.

முதல் எல்லை, அமுங்கும் எல்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் பத்திரமாக நிறுத்தி, புது டயரை மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தை பம்ப் ஸ்டாப் (சக்கரம் அளவுக்கு மீறி மேலே போகாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) தொடும் வரை தூக்குங்கள். பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். மட்கார்டின் பின்விளிம்பு, உள் லைனர், சேசிஸ், ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம் எதில் உரசினாலும் அப்போதே தெரிந்துவிடும். உயரமான ஸ்பிரிங் போட்டும் பம்ப் ஸ்டாப் பழையதாகவே இருந்தால், பெரிய பள்ளத்தில் சக்கரம் முன்பு போன அதே இடத்துக்குத்தான் போகும். அங்கே இப்போது பெரிய டயர் இருக்கிறது. பம்ப் ஸ்டாப்பையும் தேவையான அளவு நீட்ட வேண்டும்.

இரண்டாவது, தொங்கும் எல்லை. பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஹேண்ட்பிரேக் கேபிள், ஆக்ஸிலுக்குக் காற்றுவிடும் பிரீதர் குழாய் ஆகியவை இங்கே விறைக்கக் கூடாது. ஷாக் அப்சார்பர் நீளம் போதாவிட்டால் தொங்கும் சக்கரத்தின் பாரம் முழுவதையும் அதுவே தாங்கி, மவுன்டிங் பிய்ந்துபோகும். முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) உள்ள வண்டிகளில் போல்ட்டைத் திருகியே உயரம் ஏற்றிவிடலாம் என்பதால் பலர் அளவு மீறுகிறார்கள். அதனால் ஸ்பிரிங் கடினமாவதில்லை. சக்கரம் கீழே இறங்க மிச்சமிருந்த தூரம்தான் குறைகிறது. சின்னக் குழியிலும் மேல் ஆர்ம் கீழ்ஸ்டாப்பில் "டக்" என்று அடிக்கும்; டிரைவ் ஷாஃப்ட்டின் ரப்பர் பூட் கிழியும். இந்த வகை வண்டிகளில் நான் ஓர் அங்குலத்தைத் தாண்டுவதில்லை.

முன்பக்கம் ரிஜிட் ஆக்ஸில் உள்ளவற்றில் உயரம் கூடினால் கேஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். அதற்கென்று உள்ள புஷ்களால் சரிசெய்யலாம். பான்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) இருந்தால் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். லீஃப் ஸ்பிரிங்குக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே உயரக் கட்டை வைப்பதை முன்பக்கத்தில் நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். பின்பக்கத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது.

என்னை மிகவும் பயமுறுத்துவது வேறொன்று. பழைய எஸ்யூவிகள் பலவற்றில் பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலே ஒரு பிரேக் வால்வுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பின்பக்கத்தை உயர்த்தியதும், வண்டி எப்போதும் காலியாக இருப்பதாகவே வால்வு நடந்துகொள்ளும். குடும்பமும் சாமான்களும் ஏறியிருக்கும்போது பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். பெரிய, கனமான டயரை நிறுத்த ஏற்கெனவே கூடுதல் விசை வேண்டும். அதோடு இதுவும் சேர்கிறது. கம்பியின் பிராக்கெட்டை, உயர்த்திய அளவுக்கே இடம் மாற்றி, மேனுவல்படி வால்வை சரிபார்க்க வேண்டும். அந்தக் கம்பியைக் கழற்றி மேலே கட்டிவிடும் வழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். காலி வண்டியில், மழைச் சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

கவிழும் அபாயமும் கூடுகிறது. இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1,500 மி.மீ. அகலமும், 750 மி.மீ. உயரத்தில் புவியீர்ப்பு மையமும் உள்ள வண்டியின் நிலைத்தன்மை விகிதம் (அகலத்தில் பாதியை மையத்தின் உயரத்தால் வகுத்தது) 1.0. மையம் 50 மி.மீ. ஏறினால் அது 0.94 ஆகிவிடும். வளைவில் பழைய வேகம் இனி கூடாது. மேலே சொன்ன டயரில் ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்டும்: முள் 80 காட்டும்போது, முன்பு சரியாகக் காட்டிய வண்டி உண்மையில் சுமார் 86-ல் போய்க்கொண்டிருக்கும்.

மாட்டும்போது ரப்பர் புஷ்களின் போல்ட்டை, வண்டி தரையில் தன் பாரத்தில் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கலில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே ஓடி சீக்கிரம் கிழியும். லீஃப் ஸ்பிரிங்கை ஆக்ஸிலோடு பிடிக்கும் யூ போல்ட் புதியதாக இருக்கட்டும். வீல் அலைன்மென்ட் முடிந்ததும் ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள், இல்லாவிட்டால் எதிரே வருபவர் கண் கூசும். வேலை தொடங்கும் முன்பே போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் யூ போல்ட், சக்கர நட்டு எல்லாவற்றையும் டார்க் ரென்ச் வைத்து மறுபடி இறுக்கி, பிரேக் ஹோஸ் எங்காவது உரசியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.