கேஸ்கட்டுக்கு முன் பிளாக்கின் முகம்

எஞ்சினில் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். அது போய்விட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் விசாரிப்பது புதுக் கேஸ்கட்டின் விலையையும் கம்பெனியையும்தான். அது எத்தனை நாள் தாங்கும் என்பதோ, கேஸ்கட் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே, பிளாக்கின் மேல்முகத்தைச் சுத்தம் செய்கிற விதத்தில் பாதி முடிவாகிவிடுகிறது. சரியாகத் துடைக்காமல் விட்டால் வருகிற கேட்டைவிட, அளவு மீறித் தேய்ப்பதால் வருகிற கேடு பெரிது என்பது என் கட்சி.

75 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பெட்ரோல் எஞ்சின் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். எரியும் கணத்தில் உள்ளே அழுத்தம் 60 பார் (காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய 60 மடங்கு) வரை ஏறினால், ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறக்குறைய 2,700 கிலோ எடைக்குச் சமம். டீசலில் இது இரண்டு, மூன்று மடங்காகவும் போகும். போல்ட்டுகள் இதை அடக்கிப் பிடிக்கின்றன. ஆனால் அந்தப் பிடி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழுவதில்லை. போல்ட்டைச் சுற்றி இறுக்கம் அதிகம். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள ஒடுங்கிய பாலத்தில் குறைவு. சூடோ அங்கேதான் அதிகம். கேஸ்கட் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விட்டுக்கொடுக்கும்.

இதோடு இன்னொரு தொல்லையும் உண்டு. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம் என்ற ஜோடி இன்றைக்கும் நிறைய ஓடுகிறது. 400 மில்லிமீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட் 80 டிகிரி சூடேறினால், தடையில்லாதபோது 0.7 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீள இரும்பு அதில் பாதிதான் நீளும். ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் ஹெட் கேஸ்கட்டின் மேல் நுணுக்கமாக நகர்ந்து உரசப் பார்க்கிறது என்று பொருள்.

பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாததற்கும் இது ஒரு காரணம். கிராஃபைட் போன்ற மெத்தென்ற பொருள் பூசிய பழைய வகைக் கேஸ்கட், பரப்பின் நுண்ணிய கோடுகளுக்குள் அமுங்கிப் புகுந்து பிடித்துக்கொள்ளும். அதற்குக் கொஞ்சம் சொரசொரப்பு தேவை, 1.5 முதல் 2.5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரை சராசரி மேடுபள்ளம் அதற்கு ஒத்துவரும். இப்போது வருகிற பல அடுக்கு எஃகுக் கேஸ்கட்டின் குணம் வேறு. ஸ்பிரிங் எஃகுத் தகடுகளில் பள்ளமேடாக வரம்பு அழுத்தி, மேலே சில பத்து மைக்ரான் தடிப்பில் ரப்பர் பூசியிருப்பார்கள். அந்த மெல்லிய பூச்சால் ஆழமான கீறலை அடைக்க முடியாது. பொதுவாக 0.8 மைக்ரானையோ அதற்குக் கீழேயோ கேட்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய வகை இருந்த இடத்தில் எஃகு வகையைப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

வழவழப்பும் தட்டையும் வேறு வேறு என்பதுதான் பலரும் சறுக்கும் இடம். ட்ரில்லிலோ ஏர் டூலிலோ உராய்வுத் துகள் பதித்த சுழலும் பட்டை மாட்டித் தேய்த்தால் பிளாக் கண்ணாடிபோல் மின்னும். ஆனால் பட்டை பழைய கேஸ்கட்டை மட்டும் தேய்ப்பதில்லை. கை ஒரு நொடி அதிகம் நின்ற இடத்தில் உலோகத்தையும் தின்றுவிடும். அலுமினிய பிளாக் என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பல எஞ்சின்களில் முழு நீளத்துக்கும் அனுமதிக்கும் கோணலே 0.05 மில்லிமீட்டர் அளவுதான்.

பட்டையிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்ஸைடு துகள் இன்னும் மோசம். எண்ணெய் வழிகளுக்குள் விழுந்தால், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் மெல்லிய பேரிங் ஷெல்லில் பதிந்துகொண்டு அதை அரைத்துக்கொண்டே இருக்கும். அதில் நுண்ணியவற்றை எண்ணெய் ஃபில்டரும் பிடிக்காது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளுக்கு அனுப்பிய சேவை அறிக்கையிலேயே இந்தப் பட்டைகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்திருக்கிறது.

பிறகு எப்படி எடுப்பது? கேஸ்கட் ரிமூவர் தடவி ஊற விட்டு, பிறகு சுரண்டுவது. இரும்பு என்றால் கூரான தகட்டைப் படுக்கவைத்துத் தள்ளலாம். அலுமினியம் என்றால் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டிதான். சிலிண்டர், தண்ணீர் வழி, எண்ணெய் வழி எல்லாவற்றையும் முதலிலேயே துணியால் அடைத்துவிட வேண்டும். மிகப் பழைய வண்டியென்றால் கேஸ்கட்டில் கல்நார் இருக்கலாம்; காய்ந்தபடி சுரண்டித் தூசி கிளப்பாமல் நனைத்தே எடுப்பது நல்லது. கடைசியில் தின்னர் நனைத்த வெள்ளைத் துணியில் கறை ஒட்டாத வரை துடைப்பு. இதற்குப் பனியன் வேஸ்ட் வேண்டாம், நூல் பிரிந்து ஒட்டிக்கொள்ளும்.

போல்ட் துளைகளை மறக்கக் கூடாது. அடி மூடிய துளையில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், இறங்கும் போல்ட் அதை நசுக்க முடியாமல் நிற்கும். திருப்பும் பலத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'முடிந்தது' என்று சொல்லும், ஹெட்டோ இறுகியிருக்காது. பிளாக்கில் விரிசல் விழுந்ததும் உண்டு. மரை அழுக்காக இருந்தாலும் இதே கதைதான். போல்ட்டைத் திருப்பும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இறுக்கமாக மாறுகிறது, மீதி உராய்வில் போய்விடும். உராய்வு கொஞ்சம் கூடினால் இறுக்கம் நிறையக் குறையும்.

சுத்தம் முடிந்த பிறகு நேர்விளிம்புக் கட்டையை நீளவாக்கில், அகலவாக்கில், இரண்டு மூலைவாக்கில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கையேடு சொல்லும் வரம்பைத் தாண்டினால் மெஷின் ஷாப்பில் ஃபேஸிங்தான், அதாவது முகத்தைச் சீவித் தட்டையாக்குவதுதான் வழி. அதற்கும் விலை உண்டு. 0.2 மில்லிமீட்டர் சீவினால் பிஸ்டன் அவ்வளவு தூரம் ஹெட்டை நெருங்கும். பெட்ரோலில் கம்ப்ரஷன் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். டீசலில் இருக்கிற இடைவெளியே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். பல டீசல் எஞ்சின்களுக்குக் கேஸ்கட்டை இரண்டு மூன்று தடிப்புகளில் விற்பது இதனால்தான். ஓரத்தில் உள்ள துளை அல்லது வெட்டின் எண்ணிக்கை தடிப்பைச் சொல்லும். பிளாக்குக்கு மேல் பிஸ்டன் எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று டயல் கேஜில் அளந்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபேஸிங் போட்ட பிளாக்குக்கு, பழைய கேஸ்கட்டின் துளைகளை எண்ணிக்கொண்டு கடைக்குப் போனால் கணக்கு தப்பிவிடும்.