சும்மா நிற்கும் சேர்வரும் கரண்ட் குடிக்கும்

"சீபீயூ 12 சதவீதம்தானே ஓடுது, கரண்டும் அவ்வளவுதான் போகும்." கொழும்பில் நான் வேலைக்குப் போகும் அலுவலகங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். 2022 மின்வெட்டில் டீசல் தேடி அலைந்து ஜெனரேற்றர் ஓட்டிய ஊர் இது என்பதுதான் வேடிக்கை.

வேலை இல்லாவிட்டாலும் மெமரி, டிஸ்க், விசிறி, பவர் சப்ளை எல்லாம் விழித்தே இருக்கின்றன. சும்மா நிற்கும்போது 100 வாட் இழுக்கும் பெட்டி என்றால் நாளைக்கு 2.4 யூனிட், 30 நாளில் 72 யூனிட். மாதம் 60 யூனிட்டைத் தாண்டக் கூடாதென்று பார்த்துப் பார்த்து லைற் அணைக்கும் வீடுகள் கொட்டாஞ்சேனையில் எத்தனையோ. ஏசி செலவு இந்தக் கணக்கில் இல்லை.

சரி, எப்படி அளப்பது? பிளக்குக்கும் சேர்வருக்கும் நடுவே ஒரு வாட் மீற்றர் போடலாம். பல சேர்வர்களில், பெட்டிக்குள்ளேயே இருக்கும் ஐபிஎம்ஐ என்ற கண்காணிப்பு வசதி வழியாகவே அளவு கிடைக்கும். ஆனால் அது முழுப் பெட்டியின் கணக்கு. எந்த மென்பொருள் எவ்வளவு தின்றது என்று சொல்லாது.

அதற்குச் சிப்பையே கேட்க வேண்டும். இன்ரெல் 2011இல் சாண்டி பிரிட்ஜ் சிப்புகளோடு கொண்டுவந்த ராப்பல் என்ற வசதி, சிப் செலவழித்த சக்தியைக் கூட்டிக்கொண்டே போகும். லினக்ஸில் பவர்கேப் கோப்புறைக்குள் இருக்கும் எனர்ஜி_யூஜே கோப்பை வேலைக்கு முன்னும் பின்னும் வாசித்துக் கழித்தால், அந்த நேரத்தில் முழுச் சிப்பும் செலவழித்தது மைக்ரோஜூலில் வரும் (ஒரு வாட் ஒரு நொடி ஓடினால் ஒரு ஜூல், அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மைக்ரோஜூல்). இந்த எண்ணை வைத்தே ரகசியச் சாவிகளைத் திருடலாம் என்று 2020இல் பிளாட்டிபஸ் ஆய்வு காட்டிய பிறகு, வாசிக்க ரூட் (கணினி நிர்வாகி) அனுமதி வேண்டும்.

கணக்குப் பிசகும் இடமும் இதுதான். "அண்ணா, எங்கட இரவு ரிப்போர்ட் கரண்டைத் திருப்பிக் குடுக்குது போல, மைனஸ் வருது" என்று ஒரு தம்பி ஸ்கிரீனைக் காட்டினார். ராப்பலின் எண்ணி (கவுண்டர்) ஓர் உச்சத்தைத் தொட்டதும் பூச்சியத்திலிருந்து தொடங்கிவிடும். பல இன்ரெல் சிப்புகளில் அந்த உச்சம் சுமார் 2,62,000 ஜூல். 100 வாட்டில் ஓடினால் 44 நிமிடம்கூட ஆகாது. மைனஸ் வந்தால் நல்ல காலம், சந்தேகமாவது வரும். நீண்ட வேலையில் எண்ணி இரண்டு மூன்று தரம் சுற்றிவிட்டு, நம்பும்படியான ஒரு சின்ன எண்ணைத் தந்தால் யாரும் கவனிக்கப்போவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசித்து வித்தியாசங்களைக் கூட்டுங்கள்.

விசிறியையும் டிஸ்க்கையும் ராப்பல் பார்ப்பதில்லை, அதனால் சுவர் மீற்றரைக் கழற்ற வேண்டாம். அப்புறம், வந்த ஜூல் கணக்கை வேலையின் எண்ணிக்கையால் வகுங்கள்: ஒரு ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு, ஆயிரம் கோரிக்கைக்கு எவ்வளவு. புது வெர்ஷன் பழையதைவிடக் கூடக் குடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

சேர்வர் சிங்கப்பூரிலோ மும்பையிலோ வாடகைக்கு ஓடுகிறதா? வாடகை மெய்நிகர் கணினிக்குள் ராப்பல் பொதுவாகத் தெரியாது. சக்தி அளக்கும் கருவிகள் அங்கே தருவது பெரும்பாலும் மதிப்பீடுதான். இரண்டு வெர்ஷன்களை ஒப்பிட உதவும், கரண்ட் பில்லோடு பொருத்திப் பார்க்க உதவாது. அங்கே நான் முதலில் கேட்பது, வெள்ளி மாலை எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு சோதனைச் சேர்வர்களை யார் நிறுத்துகிறார் என்றுதான்.