வெயில் இருந்தும் விளக்கு ஏன் அணைகிறது?

பட்டர்வொர்த் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் மகன் சரவாக் உட்பகுதிப் பள்ளியில் ஆசிரியர். கூரை முழுக்க சோலார் பலகைகள். முதல் ஆண்டு விடிய விடிய விளக்கு எரிந்தது. இப்போது இரவு ஒன்பதுக்கே இருட்டாகிவிடுகிறது. பலகைகளைத் துடைத்துப் பார்த்தும் பயனில்லை. என்னதான் கோளாறு?"

பலகைகளை விட்டுவிடுங்கள் அம்மா. அவை இருபது ஆண்டுக்கு மேல் உழைக்கும். கோளாறு அநேகமாக பேட்டரி அறையில் இருக்கிறது.

ஊரக மின் திட்டம் தீட்டுவோர் ஆபத்துகளைத் தனித்தனியாகப் பட்டியலிடுவார்கள்: மழைக்காலம், படகில் தாமதமாக வரும் உதிரிப்பாகம், எதிர்பார்த்ததைவிடக் கூடும் பயன்பாடு, பாதியில் தீரும் பராமரிப்புப் பணம். ஆனால் இவை அனைத்தும் கடைசியில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றன. அது பேட்டரியின் ஈயத் தகடு.

ஈய அமில பேட்டரியை 1859-இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். ஒரு தகடு ஈயம், மற்றது ஈய டை ஆக்சைடு, இடையில் நீர் கலந்த கந்தக அமிலம். மின்சாரத்தை எடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. மின்னேற்றும்போது அது பழைய நிலைக்குத் திரும்புகிறது. இது பள்ளிப் பாடம்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கு அடுத்தது. புதிதாகப் படியும் சல்பேட் மிக நுண்ணிய துகள்களாக இருக்கும். உடனே மின்னேற்றினால் சிரமமின்றி மறைந்துவிடும். பேட்டரியை அரைகுறை மின்னேற்றத்தில் நாள்கணக்கில் விட்டுவைத்தால் அந்தத் துகள்கள் சும்மா இருப்பதில்லை. சிறிய படிகம் பெரியதைவிட எளிதில் கரையும். எனவே சிறியவை அமிலத்தில் கரைந்து பெரியவற்றின் மேல் போய்ப் படிகின்றன. சிறியவை ஒழிய ஒழியப் பெரியவை பருக்கின்றன. யாரும் தொடாமல், மின்சாரம் ஓடாமல், தானாகவே நடக்கும் வேலை இது! பொடித்த சர்க்கரை நாக்கில் பட்டதும் கரைகிறது. அதே சர்க்கரை கற்கண்டாக இறுகிவிட்டால் நெடுநேரம் அசையாமல் கிடக்கிறது. பருத்த சல்பேட்டும் அப்படித்தான். அது மூடிய பகுதி மீண்டும் வேலைக்கு வருவதில்லை.

பினாங்கின் பிறை நகரில் ஒரு பட்டறையில் அறுத்துப் போட்ட பழைய பேட்டரியைப் பார்த்திருக்கிறேன். பழுப்பாகவும் சாம்பல் நிறமாகவும் இருக்க வேண்டிய தகடுகள் வெளுத்துப் போயிருந்தன. கத்தி முனையால் சுரண்டினால் நறநறத்தது.

அரைகுறை மின்னேற்றம் சோலாரின் பிறவிக் குணம். பேட்டரியின் முக்கால் பங்கு விரைவாக நிரம்பும். மிச்சம் நிரம்ப, குறைந்த மின்னோட்டத்தில் பல மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். நம் மலேசியாவில் முழு வலிமை வெயில் என்று கணக்கிட்டால் நாளுக்கு 4 முதல் 5 மணி நேரம்தான். ஆண்டிறுதிப் பருவமழையில் அதுவும் குறையும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரியின் கொள்ளளவு 10 யூனிட், இரவுச் செலவு 5. பாதிதான் இறங்குகிறது. விடுதிக்கு ஓர் உறைபெட்டி வந்து செலவு 6 ஆகிறது. மழைக்காலப் படிகங்களால் கொள்ளளவு 7 ஆகச் சுருங்குகிறது. இப்போது ஒவ்வோர் இரவும் 86 விழுக்காடு இறங்கும். மறுநாள் வெயிலுக்கு அது நிரம்பாது, படிகம் பருக்கும், கொள்ளளவு இன்னும் சுருங்கும். ஆபத்துகள் இங்கே கூடுவதில்லை, ஒன்றை ஒன்று பெருக்குகின்றன. அந்தக் காலத்தில் தோட்டத்து லயங்களில் ஜெனரேட்டர் பழுதானால் சத்தம் நின்று ஊருக்கே தெரிந்துவிடும். பேட்டரியின் நோய் மாதக்கணக்கில் வெளியே தெரியாது.

2016-இல் தொடங்கிய சரவாக்கின் சாரெஸ் என்னும் ஊரக மின் திட்டம், பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் நீள வீடுகளில் குடும்பத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 யூனிட் என்று அளந்து கொடுக்கிறது. கஞ்சத்தனம் போலத் தோன்றும். ஆனால் பேட்டரியைக் காப்பாற்றுவது அந்த அளவுதான். என் ஆதங்கம் வேறு. பலகை வாங்கவும் திறப்பு விழா நடத்தவும் பணம் கிடைக்கிறது. ஐந்தாம் ஆண்டு பேட்டரி மாற்றவும், உள்ளூர் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுக்கவும் முதல் நாளே பணம் ஒதுக்காத திட்டத்தை முழுமையான திட்டம் என்று நான் ஏற்கமாட்டேன்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த நோய் கிடையாது, விலைதான் கூடுதல். எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றினால் பழைய பேட்டரி பிழைக்கும் என்று சிலர் சொல்வார்கள். ஊற்ற வேண்டாம். அமிலத்தின் அடர்த்தி கூடியதுபோல் காட்டுமே தவிர, பருத்த படிகம் அப்படியே இருக்கும்.

உங்கள் மகனுக்கு இரண்டு வேலை. பள்ளியில் ஜெனரேட்டர் இருந்தால், அதை இரவில் ஓட்டாமல் விடியற்காலையில் ஓட்டச் சொல்லுங்கள். விரைவாக நிரம்பும் பகுதியை டீசல் பார்த்துக்கொள்ளும். பொறுமை வேண்டிய கடைசிப் பகுதிக்கு நாள் முழுக்க வெயில் மிஞ்சும். பேட்டரி மூடி திறக்கும் வகையானால், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நன்றாக மின்னேறிய நாளின் மாலையில் பேட்டரிக்குள் உள்ள ஒவ்வொரு கலத்தின் அமில அடர்த்தியையும் ஹைட்ரோமீட்டர் என்னும் கருவியால் அளந்து நோட்டில் எழுதி வரட்டும். மற்றவை 1.25 காட்டும்போது ஒன்று மட்டும் 1.15-இல் நின்றால், பழுது பார்ப்பவரிடம் முதலில் அந்தக் கலத்தைக் காட்ட வேண்டும்.